உதவி தேவை: மாடலிங் மைக்கில் குரல் குடத்துக்குள் கேட்கிறது, யூ 87 நகலில் 'ஸ' குத்துகிறது

மொட்டைமாடி_ரெக்கார்டிங்

எல்லாருக்கும் வணக்கம். நங்கநல்லூரில் மொட்டை மாடி அறையை ரெக்கார்டிங் ரூமாக வைத்திருக்கிறேன். பத்துக்குப் பதினோரு அடி, கான்கிரீட் கூரை, ஒரு ஜன்னல். பக்திப் பாட்டுதான் அதிகம், அப்பப்போ கவர் சாங், ஆடியோ புக்.

என்னிடம் இரண்டு மைக் இருக்கிறது. ஒன்று, யூ 87 (நியூமன் கம்பெனியின் பேர்போன ஸ்டூடியோ மைக்) மாதிரி என்று சொல்லி விற்ற நகல். கம்பெனி பேர் வேண்டாமே. இன்னொன்று, போன மாதம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய மாடலிங் மைக். முன்னும் பின்னுமாக இரண்டு கேப்ஸ்யூல் (சத்தத்தைப் பிடிக்கிற சவ்வு உள்ள பகுதி), ஐந்து பின் கேபிள், அது இரண்டாகப் பிரிந்து இரண்டு சேனலுக்குப் போகும். அப்புறம் ப்ளக்இன் என்கிற மென்பொருளில் யூ 47, யூ 67, சி 12 என்று பழைய பேர்போன மைக்குகளில் எது மாதிரி வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். இது வந்ததும் நகலை விற்றுவிடுவதாக இருந்தேன். இப்போது எதை விற்பது என்றே தெரியவில்லை.

நகலில் 'ஆ', 'ஓ' எல்லாம் அழகாக வருகிறது. ஆனால் 'சரஸ்வதி', 'ஷண்முகா' என்று வந்தால் போதும், எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி வெடிக்கிறது. டி-எஸ்ஸர் ('ஸ' சத்தத்தை அடக்குகிற கருவி) போட்டால் பாடகி மழலை பேசுவது போல 'தரத்வதி' ஆகிவிடுகிறது.

மாடலிங் மைக்கில் எந்த மாடல் வைத்தாலும் குரல் குடத்துக்குள் வாயை வைத்துப் பாடின மாதிரி இருக்கிறது. ஆம்னிக்கு (எல்லாப் பக்கமும் கேட்கிற அமைப்பு) மாற்றினால் குடம் அண்டா ஆகிறது! போதாக்குறைக்கு பாடகி, "என் குரல் எனக்கே பின்னாடி வருதுப்பா" என்று ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டார்.

இதே பாடகியை வடபழனியில் ஒரு ஸ்டூடியோவில் அசல் யூ 87இல் கேட்டிருக்கிறேன். இரண்டும் அதன் கிட்டேகூட வரவில்லை. அவர் திருச்சிக்குப் போய்விட்டார், திரும்ப வர ஒரு மாதம் ஆகும். மாடலிங் மைக்கில் எடுத்த நாலு பாட்டையும் காப்பாற்ற முடியுமா?

கோடம்பாக்கம்_ரிட்டயர்டு

தம்பி, மைக்கை விற்பதை அப்புறம் பார்க்கலாம். மூன்று கேள்வி. இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற பெட்டி) மைக்கின் அளவைக் கூட்டுகிற கெயின் குமிழ் சும்மா சுற்றுகிற வகையா, இல்லை எண்ணில் காட்டுகிற வகையா? ரெக்கார்டிங்கின்போது இரண்டு குமிழும் எங்கே இருந்தன? ஜன்னல் மைக்குக்கு எந்தப் பக்கம்?

மொட்டைமாடி_ரெக்கார்டிங்

சார், சாதாரண இரண்டு சேனல் இன்டர்ஃபேஸ்தான். சும்மா சுற்றுகிற குமிழ். கண்ணால் பார்த்து இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தேன், முக்கால் சுற்றுக்கு மேலே. ஜன்னல் மைக்குக்கு நேர் பக்கவாட்டில், பாடுகிறவருக்கு வலது கைப் பக்கம்.

கோடம்பாக்கம்_ரிட்டயர்டு

நினைத்தேன். கண்ணால் வைத்தது காதுக்கு ஆகாது.

உங்கள் மைக்கில் முன்முகம் பாடகியைக் கேட்கிறது, பின்முகம் சுவரைக் கேட்கிறது. இரண்டையும் சமமாகக் கூட்டினால் ஆம்னி. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் ஃபிகர் எயிட், முன்னும் பின்னும் கேட்கும், பக்கவாட்டில் கேட்காது. முன்னது மட்டும் என்றால் கார்டியாய்டு, முக்கியமாக முன்பக்கம் கேட்கும். ப்ளக்இன் செய்வதெல்லாம் இந்தக் கூட்டல் கழித்தல்தான், ஆனால் ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் வேறு வேறு கணக்கு. பழைய மைக் ஒவ்வொன்றும் அடியில் ஒரு விதமாகவும் உச்சத்தில் வேறு விதமாகவும் சுற்றுப்புறத்தைக் கேட்கும், பின்முகத்தைக் கொண்டுதான் அதைப் போலி செய்கிறார்கள். இரண்டு சேனலும் ஒரே அளவில் வருகிறது என்று நம்பித்தான் அந்தக் கணக்கே நிற்கிறது. பின்முகம் மூன்று நாலு டெசிபல் ஏறிவிட்டால் அது உங்கள் சுவரை அள்ளிக் குரல் மேல் கொட்டும். விலை குறைந்த குமிழ்களில் மேல்கோடியில் மயிரிழை திருப்பினாலே அவ்வளவு வித்தியாசம் வரும்.

சோதனை சொல்கிறேன். ப்ளக்இன்னை எடுத்துவிடுங்கள். இரண்டு சேனலையும் நடுவில் பேன் செய்து (இரண்டு காதிலும் சமமாக வைத்து), ஃபேடர் (ஒலி அளவுக் கட்டை) இரண்டையும் ஒரே அளவில் வைத்து, இரண்டாவதில் ஃபேஸைத் திருப்புங்கள், அதாவது அலையைத் தலைகீழாக்குங்கள். ஃபோனில் ஆகாசவாணி செய்தியை ஓடவிட்டு, மைக்கின் நேர் பக்கவாட்டில், கேப்ஸ்யூல் உயரத்தில், ஒரு முழம் தள்ளிப் பிடியுங்கள். நீங்களே பேசாதீர்கள், சொந்தக் குரல் மண்டைக்குள் கேட்டுக் குழப்பும். பக்கவாட்டிலிருந்து வரும் சத்தம் இரண்டு முகத்துக்கும் ஒரே அளவில் போகிறது. ஆகவே கெயின் சமமாக இருந்தால் ஒன்றை ஒன்று அடித்துவிட வேண்டும். ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே இரண்டாவது குமிழை மெள்ளத் திருப்புங்கள். செய்தி வற்றிப்போகிற இடம் வரும். முழுக்க மறையாது, சுவரில் பட்டுத் திரும்புவது மிஞ்சும். அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள். முக்கியமாக, திருப்புவதற்கு முன் பழைய இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

லோ கட் (அடிச்சத்தத்தை வெட்டுவது), பேட் (அளவைக் குறைப்பது) எல்லாம் இரண்டு சேனலிலும் ஒரே மாதிரி இருக்கிறதா, எந்த எக்ஸ்எல்ஆர் முனை எந்தச் சேனலில் போகிறது என்பதையும் பாருங்கள். மாறியிருந்தால் பாடகி மைக்கின் முதுகைப் பார்த்துப் பாடியிருக்கிறார் என்று அர்த்தம். எங்கள் காலத்தில் பெரிய ரெக்கார்டிங் தியேட்டரிலேயே இது நடந்திருக்கிறது.

நானும்_கத்துக்கிறேன்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அப்போ மாடலிங் மைக் என்பது சும்மா ஒரு ஈக்யூதானே, அதாவது அடி, நடு, உச்சம் என்று கூட்டிக் குறைப்பது?

டப்பிங்_அக்கா

பாதி சரி. நேர் முன்னாடி, அசையாமல் நின்று பேசினால் பெரும்பாலும் ஈக்யூதான். ஸ்லேட் டிஜிட்டலின் எம்எல் 1 மாதிரி ஒற்றைச் சேனல் வகையில் கிட்டத்தட்ட அவ்வளவுதான் முடியும். ஒரு முகம் கேட்டதை வைத்துப் பின்னாடி என்ன இருந்தது என்று எந்த ப்ளக்இன்னும் கண்டுபிடிக்காது. இரண்டு கேப்ஸ்யூலையும் தனித்தனியாகப் பதிகிற வகையில்தான், டவுன்சென்ட் லேப்ஸ் செய்த ஸ்பியர் எல் 22 மாதிரி, கார்டியாய்டா ஆம்னியா என்பதை எடிட்டிங்கில் உட்கார்ந்து மாற்றலாம். அந்தக் கம்பெனியை 2021இல் யுனிவர்சல் ஆடியோ வாங்கிவிட்டது. எனக்கு இதனால் ஒரு விளம்பரமே பிழைத்தது. மைக்கை ஒட்டிப் பேசிவிட்டேன், அடித்தொண்டை பூதம் மாதிரி பொங்கியது. பேட்டர்னை (எந்தத் திசையைக் கேட்பது என்ற அமைப்பை) ஆம்னி பக்கம் கொஞ்சம் நகர்த்தியதும் அடங்கிவிட்டது.

ரெக்கார்டிங் தம்பிக்கு: 'பின்னாடி வருது' என்று பாடகி சொன்னது நியாயமான புகார். குரல் கம்ப்யூட்டருக்குள் போய் ப்ளக்இன் சுற்றித் திரும்ப நேரமாகிறது. கமகம் பாடுகிறவர்களுக்கு அந்த இழுபறி தொண்டையையே கட்டிப்போடும். பாடும்போது இன்டர்ஃபேஸின் டைரக்ட் மானிட்டரில் (கம்ப்யூட்டருக்குள் சுற்றாமல் நேராகக் கேட்பது) முன்முகத்தை மட்டும் கொடுங்கள், மாடலைப் பிறகு போடுங்கள். ஆனால் அப்போது அவர் காதில் விழுவது யூ 47 அல்ல, சப்பென்ற ஒரு மைக். இந்த ஒரு விஷயத்தில் நகலை அடித்துக்கொள்ள முடியாது. அதில் பாடும்போது கேட்பதுதான் பதிவாகிறது, தன் குரல் பிடித்துப்போனால் பாடகர் இன்னும் நன்றாகப் பாடுகிறார். எந்த அளவுகோலிலும் வராத வித்தியாசம் இது.

சால்டரிங்_சாமி

'ஸ' கதைக்கு வருகிறேன். ப்ரோ, உங்கள் நகலைத் திறக்காமலே சொல்லிவிடலாம்.

நியூமன் 1960இல் யூ 67 கொண்டுவந்தபோது கே 67 கேப்ஸ்யூலை வேண்டுமென்றே உச்சத்தில் தூக்கலாகச் செய்தார்கள். தூக்கியதை உள்ளே சர்க்யூட் ஃபீட்பேக் வைத்துக் கீழே இழுத்தார்கள். கூடவே சர்க்யூட்டின் இரைச்சலும் இறங்கும். 1967இல் வந்த யூ 87இலும் இதே தந்திரம்தான். கேப்ஸ்யூலும் சர்க்யூட்டும் புருஷன் பெண்டாட்டி மாதிரி, ஒன்றைத் தனியாகக் கூட்டிவந்தால் சண்டைதான் வரும். மலிவு நகல்கள் செய்வது அதையே. கேப்ஸ்யூலின் வடிவத்தை மட்டும் காப்பி அடித்து, இழுத்துப் பிடிக்காத நேரான சர்க்யூட்டில் மாட்டிவிடுகிறார்கள். உடம்பு யூ 87, வாய் மட்டும் வேறு. நல்ல நகல்களில் சர்க்யூட்டையும் டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்தே காப்பி அடிப்பார்கள், விலை ஏறுவது அதனால்தான்.

மூன்று வழி உண்டு. செலவில்லாதது: மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் கொஞ்சம் சாய்த்து, ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள். உச்சம் நேர்க்கோட்டில்தான் குத்தும். இரண்டாவது, டி-எஸ்ஸருக்கு முன்னால் ஈக்யூவில் 8000 ஹெர்ட்ஸுக்கு மேல் மூன்று நாலு டெசிபல் ஷெல்ஃபாக இறக்குங்கள். அந்த சர்க்யூட் செய்திருக்க வேண்டிய வேலை இதுதான். மூன்றாவது, கே 47 மாதிரி கேப்ஸ்யூல் வாங்கி மாற்றுவது. யூ 47 குடும்பம், உச்சத்தில் இவ்வளவு தூக்கல் கிடையாது, நேரான சர்க்யூட்டோடு ஒத்துப்போகும்.

மாற்றினால் ஒன்று சொல்லிவிடுகிறேன். கேப்ஸ்யூல் வயர் சேரும் இடத்தை விரலால் தொடாதீர்கள். கிகாஓம் கணக்கில் ரெசிஸ்டர் இருக்கிற இடம். கை வியர்வை, மிஞ்சின ஃப்ளக்ஸ் (சால்டரிங் பசை), நம்ம ஊர் ஈரக்காற்று மூன்றும் சேர்ந்தால் அடை மழை பெய்கிற சத்தம் வரும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கிடைக்கும், அதை வைத்துத் துடையுங்கள். தங்கம் பூசின சவ்வை ஊதக்கூடாது. மைக்கை சிலிகா ஜெல்லோடு டப்பாவில் வையுங்கள். எங்கள் வீடு திருவான்மியூர், கடலுக்கு ரெண்டு தெரு. ஐப்பசியில் வெளியே விட்ட மைக் பட்டாசு மாதிரி வெடித்தது.

பின்னாடி யாராவது குழல் (வால்வு) மைக் நகல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தால், பவர் சப்ளையின் பின்பக்க சுவிட்ச் 115இல் இருக்கிறதா 230இல் இருக்கிறதா என்று பார்க்காமல் சொருகாதீர்கள். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

மொட்டைமாடி_ரெக்கார்டிங்

ரிட்டயர்டு சார், கால் எங்கே என்று சொல்லுங்கள், விழுகிறேன்!

குமிழை ஒரு நெல் அகலம் பின்னால் திருப்பியதும் செய்தி வாசிப்பவர் சட்டென்று அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். பிறகு ஒரே கேபிளை இரண்டு சேனலிலும் மாற்றி மாற்றிச் சொருகி, ஃபோனில் 1000 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, பென்சில் குறியில் வைத்து அளந்தேன். பின்முகம் 4 டெசிபல் அதிகம். முதல் இரண்டு பாட்டிலும் இரண்டாவது டிராக்கை 4 இறக்கினேன். குடம் உடைந்தது. யூ 47க்கும் சி 12க்கும் வித்தியாசம் இருக்கிறது என்பதே இன்றைக்குத்தான் தெரிந்தது.

சிக்கல், மூன்றாவது பாட்டுக்கு முன் குமிழைத் தொட்டிருக்கிறேன். அந்தக் குறி இல்லை. 4 இறக்கினால் சரியாக வரவில்லை.

கோடம்பாக்கம்_ரிட்டயர்டு

காலெல்லாம் வேண்டாம், மூட்டு வலி. ஜன்னல் பக்கவாட்டில் என்றீர்களே. அந்த டேக்கில் பாட்டு இல்லாத இடத்தில் வெளிச்சத்தம் ஏதாவது விழுந்திருக்கிறதா? ஹாரன், குக்கர் விசில், எதுவானாலும்.

மொட்டைமாடி_ரெக்கார்டிங்

காக்கா இருக்கிறது! பாட்டி தினமும் ஜன்னல் ஷேடில் சோறு வைப்பார். மூன்றாவது பாட்டில் சரணத்துக்கு முன்னால் நாலு தடவை கத்துகிறது. வெட்டித் தூக்க இருந்தேன்.

கோடம்பாக்கம்_ரிட்டயர்டு

வெட்டாதீர்கள். ஆகாசவாணிக்குப் பதில் காக்கா. ஃபேஸைத் திருப்பி, காக்கா எங்கே மிகச் சன்னமாகிறதோ அங்கே இரண்டாவது டிராக்கை நிறுத்துங்கள். துல்லியமாக வராது, அறைக்குள் பட்டு வருவதும் கலந்திருக்கும். ஒரு டெசிபல் அப்படி இப்படி இருந்தால் பரவாயில்லை. இரண்டு டிராக்கிலும் தனித்தனியாக நார்மலைஸோ, கம்ப்ரஸரோ, இரைச்சல் நீக்கியோ போட்டிருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். போட்டால் இரண்டு டிராக்குக்கும் நடுவில் இருக்கிற அளவு உறவு போச்சு.

பாடுகிறவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது? வெறும் சுவராக இருந்தால், இலவம்பஞ்சு மெத்தை ஒன்றை நிமிர்த்தி வையுங்கள். மைக்குக்குப் பின்னால் அல்ல, பாடகிக்குப் பின்னால். மைக் பார்க்கிற சுவர் அதுதான். பத்தடி அறையில் 56, 113 ஹெர்ட்ஸ் பக்கம் அடியில் ஒரு கூடு கட்டும், மெத்தை அதைத் தொடாது. ஆனால் குரலின் நடுப்பகுதி சுத்தமாகும். வடபழனியில் நீங்கள் கேட்டதில் பாதி யூ 87, பாதி அந்த அறை.

அசல், அசல் என்கிறோம், யூ 47ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விஎஃப் 14 குழல் 1950களோடு உற்பத்தி நின்றுபோனது. ஆரம்ப கால எம் 7 கேப்ஸ்யூலின் பிவிசி சவ்வு வயதாக வயதாக இறுகும். இன்றைக்கு இரண்டு யூ 47 அக்கம்பக்கம் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், இரட்டையர் மாதிரி இருக்காது. மாடலிங்காரர் அதில் ஒன்றை அளந்திருப்பார், நகல்காரர் இன்னொன்றைப் பார்த்துச் செய்திருப்பார். இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று சண்டை போடுவதில் அர்த்தமில்லை.

நானும்_கத்துக்கிறேன்

கடைசியில் எதை விற்கப் போறீங்க? நகல் என்றால் எனக்கு ஒரு மெசேஜ் தட்டுங்க.

மொட்டைமாடி_ரெக்கார்டிங்

காக்கா வேலை செய்தது. மூன்று டெசிபலில் அடங்கியது. நாலாவது பாட்டு அதற்குப் பத்து நிமிஷம் கழித்து எடுத்தது, அதே அளவை வைத்தேன், பொருந்தியது. அதில் காக்கா இல்லை, மேலே போன விமானம்தான் இருந்தது. அது எல்லாச் சுவரிலிருந்தும் ஒரே நேரத்தில் வந்ததால் சோதனைக்கு உதவவில்லை.

நகலைச் சாய்த்து, ஒரு சாண் தள்ளி, ஷெல்ஃப் மூன்று இறக்கிப் பார்த்தேன். என் குரலுக்கு அதுவே போதும் போலிருக்கிறது, ஆடியோ புக் அதில்தான் இனி. முன்பின் தெரியாத குரல் வந்தால் மாடலிங். ஆகவே இப்போதைக்கு விற்பனை இல்லை, மன்னிக்கணும் ப்ரோ.

டேப் ஒட்டின குமிழை நேற்று அக்கா பையன் வந்து உரித்துவிட்டுத் திருகிவிட்டான். சாயங்காலம் செய்தி நேரத்துக்கு மறுபடி ஃபோனும் கையுமாக நிற்க வேண்டும்.