வாசலில் நான் சொன்ன ‘நீ’

புரசைவாக்கம் பக்கம் ஒரு சபையில், வாசலில் நின்று வருகிறவர்களுக்கு இடம் காட்டும் ஊழியத்தை 11 வருடங்களாகச் செய்கிறேன். பாட்டுப் புத்தகம் கொடுப்பது, கூட்டம் அதிகமானால் நாற்காலி போடுவது, காணிக்கை எடுப்பது, இவைதான் வேலை. நான் செய்த ஒரு தவறைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால், செய்தவராக இருந்தாலும் பட்டவராக இருந்தாலும், கீழே எழுதுங்கள்.

போன வருடம் ஆடி மாதம். காலை ஆராதனைக்கு முதல் மணி அடித்துவிட்டது. ஒரு அம்மா வந்தார். தூய்மைப் பணியாளர் உடுப்பு, அதற்கு மேல் இருட்டில் மின்னும் பட்டை போட்ட சட்டை. ராத்திரி வேலை முடித்து நேராக வந்திருக்கிறார் என்று பார்த்தாலே தெரிந்தது. செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, எங்கே போக வேண்டும் என்று என் முகத்தைப் பார்த்தார். “இந்தாம்மா, நீ அப்படி அந்தத் தூண் பக்கம் போய் உட்காரு” என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அந்தச் சிரிப்புதான் இப்போது அதிகம் உறுத்துகிறது.

இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. சபையில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு டாக்டர் குடும்பம் காரில் வந்து இறங்கியது. “வாங்க சார், வாங்கம்மா, முன்னாடி ஃபேன் கீழே இடம் இருக்கு” என்று கூடவே நடந்து போய் உட்கார வைத்தேன். அந்த டாக்டர் நல்ல மனிதர். அவர் என்னிடம் இடம் கேட்கவே இல்லை.

அன்று எனக்கு எதுவும் தோன்றவில்லை. அதையும் சொல்லியாக வேண்டும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆறு வாரம் கழித்து நிருப வாக்கியம் வாசிக்கும் முறை எனக்கு வந்தது. பைபிளில் யாக்கோபு எழுதிய நிருபம், அதாவது கடிதம், 2-ஆம் அதிகாரம். சனிக்கிழமை இரவு சத்தமாக வாசித்துப் பழகினேன். பொன்மோதிரமும் மினுக்குள்ள வஸ்திரமும் போட்ட ஒருவர் ஆலயத்துக்குள் வருகிறார், கந்தைத் துணியோடு ஒரு தரித்திரனும் வருகிறான். முதலாமவரிடம், “ஐயா, நீர் இந்த நல்ல இடத்தில் உட்காரும்.” இரண்டாமவனிடம், “நீ அங்கே நில்லு, அல்லது இங்கே என் பாதபடியண்டையிலே உட்காரு.” துணி தேய்த்துக்கொண்டிருந்த என் மனைவி சொன்னாள்: “ரெண்டையும் ஒரே மாதிரி வாசிக்கிறீங்களே. ஒருத்தருக்கு நீர், ஒருத்தருக்கு நீ. அது கேட்க வேண்டாமா?”

திரும்ப வாசித்தேன். இந்த முறை கேட்டது. அது என் குரல். தூணைக் காட்டிய கையும் என்னுடையது.

கீழ்ப்பாக்கம் குருகுலத்தில் இறையியல் படித்த உறவினர் ஒருவரிடம் மறுநாள் இதைச் சொன்னேன். மூல கிரேக்கத்தில் இரண்டு பேருக்கும் ஒரே சொல்தான் இருக்கிறது என்றார். ‘ஐயா’ என்ற அழைப்பும் அங்கே இல்லையாம். நல்ல இடம், பாதபடி என்ற வித்தியாசம் மட்டும்தான் யாக்கோபு எழுதியது. நீரையும் நீயையும் தமிழில் பெயர்த்தவர்கள்தான் போட்டிருக்கிறார்கள். நம் ஊர் வாசலில் இப்படித்தான் பேசுவார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

‘நீ’ என்பதே கெட்ட சொல் என்று நான் சொல்லவில்லை. என் அம்மாவைக் கடைசி வரை நீ, வா, போ என்றுதான் பேசினேன். “உன்னைப் பேர்சொல்லி அழைத்தேன், நீ என்னுடையவன்” என்று ஏசாயா 43-இல் கர்த்தர் சொல்வதும் ‘நீ’தான். அந்த ‘நீ’யில் பெயர் இருக்கிறது. நான் வாசலில் சொன்ன ‘நீ’யில் பெயர் இல்லை. அந்த அம்மாவின் பெயரை நான் கேட்கவே இல்லை.

கண்ணகி நகரிலிருந்து ஒரு சகோதரி:

அண்ணா, நான் சொல்லச் சொல்ல என் மகன் எழுதுகிறான். வீட்டு வேலை செய்து பிழைக்கிறேன். கூவம் ஓரத்தில் இருந்த எங்கள் குடிசைகளை எடுத்துவிட்டு எங்களை இங்கே கொண்டுவந்து விட்டபோது இவன் கைக்குழந்தை. அன்றிலிருந்து அடையாறு பக்கம்தான் வேலை, பஸ்ஸில் போய் வருவேன்.

ஒரு கிறிஸ்தவ வீட்டில் ஆறு வருஷம் இருந்தேன். கூடத்துச் சுவரில் ஒரு பலகை மாட்டியிருப்பார்கள், உங்களில் பாதிப் பேர் வீட்டிலும் இருக்கும். கிறிஸ்துவே இந்த வீட்டின் தலைவர், சாப்பாட்டு வேளையில் கண்ணுக்குத் தெரியாத விருந்தாளி, நாம் பேசுவதையெல்லாம் மௌனமாகக் கேட்கிறவர் என்று எழுதியிருக்கும். சனிக்கிழமை தோறும் அதைத் துடைப்பது என் வேலை. அந்த வீட்டில் என் டம்ளர் துணி துவைக்கிற இடத்து ஜன்னலில் இருக்கும். அதில்தான் காபி ஊற்றுவார்கள். டம்ளர் தனி என்று யாரும் என்னிடம் வாய் திறந்து சொன்னதில்லை. சொல்லாமலே தெரிந்தது. பலகையைத் துடைக்கும்போது, மௌனமாகக் கேட்கிறவர் என்ற வரியை மட்டும் இன்னொரு தரம் துடைப்பேன்.

அப்புறம் பெசன்ட் நகரில் ஒரு பாட்டியம்மா வீட்டுக்கு மாறினேன். பிள்ளைகள் வெளிநாட்டில், தனியாக இருந்தார். முதல் நாள் தோசை ஊற்றி முடித்ததும் மேஜையில் இரண்டு தட்டு வைத்தார். நான் பழக்கதோஷத்தில் என் தட்டை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். அவர் ஒன்றுமே சொல்லவில்லை. தன் தட்டையும் எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கி, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். முட்டி வலிக்காரர். சாப்பிட்டு முடித்து அவரைத் தூக்கி நிறுத்த நான் பட்ட பாடு! மறுநாளிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். வேறு வழி விடவில்லை.

ஜெபம் பண்ணும்போது என் பெயர், இவன் பெயர், இவன் அக்கா பெயர் எல்லாம் சொல்வார். பைபிளில் வரும் ஆகார் கதையை எனக்கு வாசித்துக் காட்டியதும் அவர்தான். அவளை வேலைக்கு வைத்திருந்த சாராயும் அவள் கணவர் ஆபிராமும் அவளை அடிமைப்பெண் என்றுதான் பேசுவார்கள், ஒரு தடவைகூடப் பேர் சொல்ல மாட்டார்கள் என்றார். வனாந்தரத்தில் நீரூற்றுப் பக்கத்தில் தேவதூதன்தான் முதலில் “ஆகாரே” என்று கூப்பிட்டு, எங்கேயிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று கேட்கிறான். அவள்தான் “நீர் என்னைக் காண்கிற தேவன்” என்று கடவுளுக்கே ஒரு பேர் வைக்கிறாள். ஆனால் அந்தத் தூதன் அவளைத் திரும்ப அதே வீட்டுக்குப் போகச் சொன்னது எனக்கு ஆறவில்லை. ஏன் பாட்டியம்மா என்று கேட்டேன். “எனக்கும் புரியலடி, நாம ரெண்டு பேரும் அங்க போய்க் கேட்கலாம்” என்றார். அவர் முன்னால் போய்விட்டார். கேட்டிருப்பார்.

வேப்பேரியிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியை:

நான் செய்தவர்கள் பக்கம் நின்று எழுதுகிறேன்.

1833-இல் கல்கத்தா பேராயராக இருந்த டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனடியாக, அறவே விடப்பட வேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்கு எழுதினார். உட்காரும் இடத்திலும், அப்பமும் ஒரே பாத்திரத்து ரசமும் பகிரும் திருவிருந்துக்கு வரும் வரிசையிலும் அதுவரை சாதி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கடிதத்தை ஏற்க மாட்டோம் என்று இங்கே வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். ஒரே பாத்திரத்தில் வாய் வைப்பதைவிட ஆராதனை இல்லாமல் இருப்பது அவர்களுக்கு எளிதாக இருந்திருக்கிறது. 25 வருடம் பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லிக்கொடுத்த எனக்கு இதைப் படிக்கும்போது என் பாட்டி ஞாபகம்தான் வந்தது. திருவிருந்து ஞாயிறுகளில், ஒரு குறிப்பிட்ட தெருக்காரர்கள் எழுந்திருப்பதற்கு முன்னால் நாங்கள் போய் மண்டியிட்டுவிட வேண்டும் என்று எங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார். பக்தியின் அவசரம் என்றுதான் சிறுவயதில் நினைத்தேன்.

பாட்டியைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. என் மகனுக்குப் பெண் பார்க்க விளம்பரம் எழுதியபோது, ‘இரட்சிக்கப்பட்ட’ என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே சாதியையும் எழுதினேன். என் கையெழுத்தில், யாரும் கேட்காமலே. மகன் காகிதத்தை வாங்கிப் பார்த்தான். “இந்த ரெண்டுல ஒண்ணை எடுத்துடும்மா” என்றான். எதை என்று சொல்லவில்லை. நான் அந்த விளம்பரத்தைக் கொடுக்கவே இல்லை.

பள்ளிக்கரணையிலிருந்து ஒரு தம்பி:

நான் சாப்பாடு டெலிவரி செய்கிறேன். இங்கே ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் எங்களுக்குத் தனி லிஃப்ட், குப்பை இறங்குகிற அதே லிஃப்ட். டிசம்பரில் சபையோடு அதே கட்டடத்துக்குக் கேரல் பாடப் போனோம். கிட்டாரோடு நின்ற என்னை முன் லிஃப்டில் ஏற்றி, பத்தாவது மாடியில் கேக் கொடுத்து, “உட்காருங்க தம்பி” என்றார்கள். முந்தின வாரம் அதே கதவில்தான் பிரியாணி கொடுத்துவிட்டு வந்தேன். முகம் அடையாளம் தெரியவில்லை. “ராஜாதி ராஜா தொழுவத்தில் பிறந்தார்” என்று அந்தக் கூடத்தில் பாடியபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, கிட்டாரை மட்டும் வாசித்தேன்.

முதலில் எழுதியவர்:

அந்த அம்மாவை அப்புறம் பார்த்தீர்களா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். பார்த்தேன்.

யாக்கோபை வாசித்த அன்றைக்கே அவர் வந்திருந்தார், அதே தூண் பக்கம். ஆராதனை முடிந்ததும் போய், “அம்மா, அன்னைக்கு உங்களை இங்க உட்காரச் சொன்னது தப்பு, என்னை மன்னிச்சிடுங்க. அடுத்த வாரத்திலிருந்து முன்னாடி வாங்க” என்றேன். அவருக்கு அது ஞாபகமே இல்லை. எத்தனையோ இடத்தில் எத்தனையோ பேர் சொல்வது, எதை ஞாபகம் வைப்பார்? “முன்னாடி வேணாம் சார். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்ல. பிரசங்கத்துல கண்ணு சொக்கினா ஐயருக்கு மரியாதையா இருக்காது. தூண்ல சாஞ்சுக்கிட்டா தெரியாது” என்றார். ஐயர் என்று நாங்கள் சொல்வது சபைப் போதகரை.

நான் நினைத்து வைத்திருந்த பரிகாரம் அவருக்குத் தேவைப்படவில்லை. நல்ல இடம் எது என்று அதையும் நானே முடிவு செய்திருக்கிறேன்.

பெயரைக் கேட்டேன். சொன்னார். அவர் சம்மதம் வாங்காததால் இங்கே எழுதவில்லை. பிறகு வாரா வாரம் பேசுவோம். இந்த வருடம் பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரத்தில், மகள் பாஸ் பண்ணிவிட்டாள் என்று சொல்லிவிட்டு, மடித்த ஒரு 50 ரூபாய் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டே தயங்கி நின்றார். “இதுக்கெல்லாம் பேரு வாசிப்பாங்களா சார்?”

எங்கள் சபையில், நடந்த நன்மைக்கு நன்றியாக ஸ்தோத்திரக் காணிக்கை கொடுத்தவர்களின் பெயரை அறிவிப்பு நேரத்தில் வாசிப்பார்கள். வாராந்திரத் தாளில் தொகையோடு அச்சடிப்பார்கள், பெரிய தொகை மேலே. அந்தத் தாளை 11 வருடமாக வாசலில் நின்று விநியோகித்தவன் நான். கீழே இருக்கும் பெயர்களை வாசிக்கிற ஒருவர் எப்படி வாசிப்பார் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. ஐயரிடம் போய்ச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “லூக்கா 16-ல இயேசு சொன்ன கதையில, வாசல்ல கிடந்த தரித்திரனுக்கு லாசருன்னு பேரு இருக்கு, ஐசுவரியவானுக்குப் பேரு இல்ல. நம்ம தாள் தலைகீழா இருக்கு” என்றார். தொகையை எடுத்துவிட்டுப் பெயரை மட்டும் போடலாம் என்று கமிட்டியில் பேசியிருக்கிறோம். சிலருக்குச் சம்மதம் இல்லை. இன்னும் முடிவாகவில்லை.

அந்த 50 ரூபாய்க் காணிக்கையை மகள் பெயரில் வாசிக்கவிருந்த ஞாயிற்றுக்கிழமை, அந்த அம்மா மகளையும் அழைத்து வந்திருந்தார். அறிவிப்பு எங்கள் ஆராதனையில் பிரசங்கத்துக்குப் பிறகுதான் வரும். பிரசங்கம் அன்று நீளம். பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டே ஒரு கண்ணால் தூண் பக்கம் பார்த்தேன். மகள் உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மா உட்காரவில்லை. உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம் என்று, தூணை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மகளின் பெயர் வரும் வரை நின்றுகொண்டே இருந்தார்.