என்.பி.சி.யை ஜி.இ. இரண்டு தடவை வாங்கியதா? ஒரே குழப்பம்

க்விஸ்_முத்து:
வணக்கம். அலுவலக க்விஸுக்கு மீடியா கம்பெனிகள் பற்றிக் கேள்வி தயாரிக்கிறேன். அமெரிக்காவின் நேஷனல் பிராட்காஸ்டிங் கம்பெனியில் வந்து மாட்டிக்கொண்டேன். 1926-இல் என்.பி.சி. தொடங்கியபோதே ஜெனரல் எலக்ட்ரிக் (ஜி.இ.) அதில் பங்குதாரர் என்று ஓரிடத்தில் படித்தேன். இன்னோரிடத்தில் 1986-இல்தான் ஜெனரல் எலக்ட்ரிக் அதை வாங்கியது என்று இருக்கிறது. ஏற்கனவே தன்னிடம் இருந்ததை 60 வருஷம் கழித்து யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா? போதாததற்கு, போட்டி சேனலான ஏ.பி.சி.யும் என்.பி.சி. வயிற்றில் பிறந்ததுதான் என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். தப்பான கேள்வி போட்டால் கிழித்துவிடுவார்கள், விவரம் தெரிந்தவர்கள் கைகொடுங்கள்.

வால்வு_ரேடியோ:
முத்து, நீங்கள் படித்த இரண்டும் சரி. நண்பர் சொன்னதும் சரி.

கதையை 1919-லிருந்து தொடங்கினால்தான் புரியும். முதல் உலகப்போர் முடிந்த நேரம், கம்பியில்லாத் தந்தி அந்நிய நாட்டு மார்க்கோனி கம்பெனி கையில் இருக்கக் கூடாது என்று அமெரிக்கக் கடற்படை நினைத்தது. அதன் தூண்டுதலில் ஜி.இ. அமெரிக்க மார்க்கோனியை வாங்கி ஆர்.சி.ஏ. (ரேடியோ கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா) என்ற கம்பெனியை உருவாக்கியது. பிறகு இன்னொரு மின்சாதனக் கம்பெனியான வெஸ்டிங்ஹவுஸும் உள்ளே வந்தது. ஜி.இ.யும் வெஸ்டிங்ஹவுஸும் ரேடியோ பெட்டி செய்யும், ஆர்.சி.ஏ. விற்கும், இதுதான் ஏற்பாடு. ஆனால் பெட்டியைத் திருகினால் கேட்பதற்கு ஏதாவது இருக்க வேண்டாமா? தொலைபேசிக் கம்பெனியான ஏ.டி. அண்ட் டி., நியூயார்க்கில் தான் நடத்திவந்த டபிள்யூ.இ.ஏ.எஃப். நிலையத்தை 10 லட்சம் டாலருக்கு ஆர்.சி.ஏ.விடம் விற்றுவிட்டு ஒலிபரப்பிலிருந்து ஒதுங்கியது. இதில் அவர்கள் ஒன்றும் ஏமாளிகள் இல்லை, ஊர் ஊராக நிகழ்ச்சியைக் கொண்டுபோகும் கம்பிக்கு வாடகை அவர்களுக்குத்தான் போனது.

அப்படி 1926-இல் உருவானதுதான் என்.பி.சி. ஆர்.சி.ஏ. 50, ஜி.இ. 30, வெஸ்டிங்ஹவுஸ் 20 சதவீதம். நவம்பர் 15 அன்று வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலிலிருந்து முதல் ஒலிபரப்பு. அடுத்த ஜனவரியிலேயே இரண்டு வலைப்பின்னலாக (ஒரே நிகழ்ச்சியைப் பல ஊர் நிலையங்கள் சேர்ந்து ஒலிபரப்பும் ஏற்பாடு) பிரித்துக்கொண்டார்கள்: டபிள்யூ.இ.ஏ.எஃப்.பைத் தலையாகக் கொண்டது ரெட், இன்னொரு நிலையமான டபிள்யூ.ஜே.இசட்.டைத் தலையாகக் கொண்டது புளூ. விளம்பர நிகழ்ச்சிகள் பெரும்பாலும் ரெட்டுக்கு. புளூவில் விளம்பரதாரர் இல்லாத இசையும் பேச்சும் அதிகம்.

இனி உங்கள் முதல் கேள்வி. 1930-இல் அமெரிக்க நீதித்துறை ஏகபோக வழக்குப் போட்டது, காப்புரிமை முழுக்க இந்த நாலைந்து பேர் கையில் இருந்தால் வெளியாள் எப்படி ரேடியோ செய்வான் என்று. விசாரணை தொடங்குவதற்குச் சில நாள் முன்பு, 1932 நவம்பரில் சமரசம் செய்துகொண்டார்கள். ஜி.இ.யும் வெஸ்டிங்ஹவுஸும் ஆர்.சி.ஏ. பங்குகளைக் கைகழுவ வேண்டும் என்பது நிபந்தனை. அதோடு ஜி.இ. வெளியே, என்.பி.சி. முழுக்க ஆர்.சி.ஏ.வுக்கு, அதாவது ஆர்.சி.ஏ. தலைவர் டேவிட் சார்னாஃப் கைக்கு வந்தது.

க்விஸ்_முத்து:
அருமை சார். அப்ப ஏ.பி.சி.? ரெட், புளூவில் ஏதோ ஒன்றுதானா?

வால்வு_ரேடியோ:
புளூதான். ஒரே முதலாளி இரண்டு வலைப்பின்னல் வைத்திருக்கக் கூடாது என்று ஒலிபரப்பு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்.சி.சி. 1941 மே மாதம் விதி போட்டது. என்.பி.சி. உச்ச நீதிமன்றம் வரை போய் 1943 மே மாதம் தோற்றது. இதில் ஒரு சாமர்த்தியம் என்னவென்றால், எஃப்.சி.சி.க்கு வலைப்பின்னல்கள் மேல் நேரடி அதிகாரம் கிடையாது, உரிமம் தருவது தனித்தனி நிலையங்களுக்குத்தான். அதனால் 'இரண்டு வலைப்பின்னல் நடத்தும் கம்பெனியோடு சேர்ந்திருக்கும் நிலையத்துக்கு உரிமம் இல்லை' என்று சுற்றிவளைத்துப் பிடித்தார்கள்.

வாங்கியவர் யார் தெரியுமா? லைஃப் சேவர்ஸ் என்ற ஓட்டை மிட்டாய் விற்றுப் பணக்காரரான எட்வர்ட் நோபிள். விலை 80 லட்சம் டாலர். கொஞ்ச நாளில் பெயரை அமெரிக்கன் பிராட்காஸ்டிங் கம்பெனி என்று மாற்றினார்கள். நல்ல வியாபாரம் நடக்கும் ரெட்டை வைத்துக்கொண்டு இளைத்த பிள்ளையைத்தான் சார்னாஃப் தத்துக் கொடுத்தார். அந்தப் பிள்ளை பிற்பாடு 1,900 கோடி டாலருக்கு டிஸ்னி வீட்டுக்குப் போனது வேறு கதை.

பங்குச்சந்தை_பரமு:
இரண்டாம் பாதியை நான் சொல்கிறேன், வால்வு அண்ணன் எப்படியும் 1950-ஐத் தாண்ட மாட்டார் :)

சார்னாஃப் 1971-இல் இறந்தார். அதற்கு முன்பே ஆர்.சி.ஏ. கண்டதையும் வாங்கிப் போட ஆரம்பித்திருந்தது: ஹெர்ட்ஸ் வாடகைக் கார், ரேண்டம் ஹவுஸ் பதிப்பகம், அப்புறம் உறைந்த சாப்பாடு, தரைவிரிப்பு வரை. டி.வி. செய்கிற கம்பெனிக்குத் தரைவிரிப்பு எதற்கு என்று கேட்க ஆளில்லை. 1985 டிசம்பரில் ஜி.இ.யின் தலைவர் ஜாக் வெல்ச் 600 கோடி டாலருக்கு மேல் விலை பேசினார், அடுத்த ஆண்டு கை மாறியது. ஆக, ஜி.இ. வாங்கியது ஆர்.சி.ஏ.வை. அதன் மடியில் என்.பி.சி. இருந்தது.

வாங்கிய கையோடு என்ன செய்தார் பாருங்கள். இசைத்தட்டுப் பிரிவு பெர்ட்டல்ஸ்மானுக்கு, டி.வி. பெட்டித் தொழில் பிரான்சின் தாம்சனுக்கு (பதிலுக்கு அவர்களுடைய மருத்துவக் கருவித் தொழில் வந்தது), ரேடியோ வலைப்பின்னல் வெஸ்ட்வுட் ஒன்னுக்கு. கம்பெனி எந்தத் தொழிலுக்காகப் பிறந்ததோ அந்த ரேடியோவே போய்விட்டது! அந்தப் பழைய டபிள்யூ.இ.ஏ.எஃப். அலைவரிசையில் இன்று விளையாட்டு அரட்டை ஓடுகிறது.

மிஞ்சிய டி.வி.யை நன்றாகவே வளர்த்தார்கள். 1989-இல் சி.என்.பி.சி., 1996-இல் மைக்ரோசாஃப்டோடு எம்.எஸ்.என்.பி.சி., 2002-இல் ஸ்பானிஷ் மொழிச் சேனலான டெலிமுண்டோ. 2004-இல் பிரெஞ்சுக் கம்பெனியான விவெண்டியின் யுனிவர்சல் ஸ்டூடியோ வந்து சேர்ந்து என்.பி.சி. யுனிவர்சல் ஆனது, ஜி.இ.க்கு 80, விவெண்டிக்கு 20. பிறகு கேபிள் கம்பெனியான காம்காஸ்ட் 2011 ஜனவரியில் 51 சதவீதம் எடுத்தது, மீதி 49-ஐ 2013-இல் 1,670 கோடி டாலர் கொடுத்து முடித்தது. இப்போது அந்த கேபிள் சேனல்களில் பெரும்பாலானவற்றையே வெர்சன்ட் என்று தனிக் கம்பெனியாகக் கழற்றிவிட்டார்கள்.

ஆன்டெனா_அக்கா:
நான் பார்த்தவரை அங்கே முதலாளி மாறினாலும் புத்தி மாறவில்லை. என்.பி.சி. எப்போதுமே இன்னொரு சரக்கை விற்க வைத்த கடை. முதலில் ரேடியோ பெட்டி. 1956-இல் வந்த வண்ண மயிலை எல்லோரும் அழகான சின்னம் என்கிறார்கள், அது ஆர்.சி.ஏ.வின் கலர் டி.வி. பெட்டிக்கு விளம்பரம். கருப்பு வெள்ளைப் பெட்டி வைத்திருப்பவன் அந்த மயிலைப் பார்த்து ஏங்க வேண்டும், அவ்வளவுதான். காம்காஸ்ட் வந்தபோது கேபிள் இணைப்பு. 2020-இல் ஸ்ட்ரீமிங் தொடங்கியபோது அதற்கும் மயில் என்றே, பீகாக் என்றே பெயர் வைத்தார்கள்.

பங்குச்சந்தை_பரமு:
அக்கா, ஜி.இ. காலத்துக்கு அது பொருந்தாதே. என்.பி.சி.யை வைத்து விமான இன்ஜினா விற்றார்கள்? அவர்களுக்கு அது கையில் ரொக்கம் கொட்டும் தொழில், அதனால் வைத்திருந்தார்கள்.

ஆன்டெனா_அக்கா:
சரி, ஜி.இ.யை விட்டுவிடுகிறேன். மற்றதில் பின்வாங்க மாட்டேன்.

க்விஸ்_முத்து:
ஒரு கடைசிச் சந்தேகம். என்.பி.சி.யின் 'டிங் டாங் டிங்' மணியோசையில் வரும் ஸ்வரங்கள் ஜி, ஈ, சி. அது ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் முதலெழுத்து என்று க்விஸில் போடலாமா?

வால்வு_ரேடியோ:
போடாதீர்கள். ஸ்வரங்கள் அவைதான், அப்போது ஜி.இ. பங்குதாரரும்தான், ஆனால் பெயர்க்காரணம் பிற்பாடு ஒட்டவைத்த கதை. முதலில் நீளமான வரிசையாக இருந்தது, அறிவிப்பாளர்கள் தட்டும்போது தடுமாறினார்கள், குறைத்துக் குறைத்து மூன்றில் நிறுத்தினார்கள். மைய நிகழ்ச்சி முடிந்தது, இனி உங்கள் ஊர் நிலையத்தின் பெயரைச் சொல்லுங்கள் என்று உள்ளூர் இன்ஜினியர்களுக்குக் கொடுக்கும் சைகை அது.

ஜி.இ. சம்பந்தமாகக் கேள்வி வேண்டுமென்றால் கட்டிடத்தைப் பிடியுங்கள். 1932 பிரிவினையில் லெக்சிங்டன் அவென்யூவில் ஆர்.சி.ஏ.வுக்காகக் கட்டிய கோபுரம் ஜி.இ.க்குப் போனது, ஆர்.சி.ஏ. ராக்ஃபெல்லர் சென்டருக்குக் குடிபோனது. 1988-இல், அதுவரை ஆர்.சி.ஏ. பெயரில் இருந்த அந்த ராக்ஃபெல்லர் கட்டிடத்துக்கும் ஜி.இ. பெயரே வந்தது. 2015-இல் அதை எடுத்துவிட்டு காம்காஸ்ட் பெயரை ஏற்றினார்கள்.

க்விஸ்_முத்து:
பிரமாதம்! கேள்வி இதுதான்: நியூயார்க்கில் 30 ராக்ஃபெல்லர் பிளாசா கட்டிடத்துக்கு வரிசையாக வந்த மூன்று கம்பெனிப் பெயர்கள் எவை? எங்கள் அலுவலகத்து ஆட்கள் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால் தயவுசெய்து வெள்ளிக்கிழமை வரை மறந்துவிடுங்கள்.