மறு: ஹாமக் ஸ்டாண்டுக்குத் தமிழ்: ‘ஏணை’யைத் திரும்பப் பெறுகிறேன்

நண்பர்களே,

ஹாமக் ஸ்டாண்டைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு, போன வாரம் ‘ஏணைக்கால்’ என்று அடித்துச் சொன்னவன் நான்தான். இன்று அதைத் திரும்பப் பெறுகிறேன். காரணம் இலக்கணம் இல்லை, ஒரு போன் பேச்சு.

ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளிப் பக்கம் நான் வழக்கமாகப் போகும் பட்டறை அண்ணனைக் கூப்பிட்டு, “அண்ணே, ஏணைக்கால் ஒண்ணு குழாய்ல செய்யணும்” என்றேன். பின்னால் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. “செஞ்சிரலாம் தம்பி. எத்தனை படி?” என்று கேட்டார்.

அவ்வளவுதான். ஏணைக்கும் ஏணிக்கும் நடுவில் கிரைண்டர் சத்தம் புகுந்துவிட்டது. ஏணை என்றால் துணித் தொட்டில். ஈழத்து நண்பர்கள் வீட்டில் இன்றும் புழங்கும் சொல், அகராதியிலும் உண்டு, எனக்கும் பிடித்த சொல். ஆனால் குழாய் வெட்டுகிறவர் காதில் ஏணியாக விழுகிற சொல்லை வைத்துக்கொண்டு குழாய்ச் சாமான் செய்யச் சொல்வது பைத்தியக்காரத்தனம்.

நடுவில் சேர்ந்தவர்களுக்காகப் பொருளைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு முனையையும் சுருக்கிக் கட்டி, ஆள் படுக்கும் துணிதான் ஹாமக். அதைக் கட்ட மரம் இல்லாத இடத்தில், குழாயில் செய்து, கழற்றி வண்டியில் போட்டுக்கொண்டு போகும்படியான ஓர் அமைப்பு. எங்கள் கடற்கரையில் இதற்குத் தேவை நிறைய. அரியமானில் சவுக்கு இருக்கிறது. ஆனால் கனமும் இடைவெளியும் சரியாக அமைந்த இரண்டு மரம் கிடைப்பது அதிர்ஷ்டம். பனையில் கட்டலாம், கயிறு கருக்கில் அறுபடாமல் இருந்தால். உடைமரத்து நிழல் அருமையான நிழல்தான், படுத்த பிறகு மேலிருந்து என்ன விழும் என்பது உங்களுக்கே தெரியும். தனுஷ்கோடி மணலில் இந்தக் கேள்வியே இல்லை, மரமே கிடையாது.

சரி, இனி உங்கள் மடல்களுக்கு வருகிறேன்.

> ‘ஹாமக்’ என்றே எழுதினால் என்ன? ஆங்கிலமே கடன் வாங்கிய சொல்தானே.

உண்மைதான். கரீபியத் தீவுகளின் தைனோ மக்கள் சொன்ன ‘ஹமாக்கா’வை ஸ்பானியர் எடுத்தார்கள், அவர்களிடமிருந்து ஆங்கிலம் எடுத்தது. 1492-இல் கொலம்பஸ் அங்கே போய் இறங்கும்வரை ஐரோப்பாவில் அந்தப் பொருள் புழக்கத்தில் இல்லை, அதனால் பொருளோடு பெயரும் கப்பலேறியது. நமக்கு அந்த நிலை இல்லை. உத்தரத்தில் அம்மாவின் பழைய சேலையைக் கட்டி நம்மை ஆட்டித்தான் வளர்த்தார்கள். பொருள் வீட்டில் இருக்கும்போது பெயரை ஏன் வெளியே தேட வேண்டும்?

> ‘வலைமஞ்சம்’ அழகாக இருக்கிறது.

அழகுதான். ஆனால் இப்போது விற்பவை பெரும்பாலும் பாராசூட் நைலான் துணி, வலையே இல்லை. அப்புறம் இன்னொன்று: வலைத்தளம், வலைப்பூ என்று எழுதி எழுதி, ‘வலை’ என்று தொடங்கும் எதுவும் இன்று செயலி மாதிரி ஒலிக்கிறது. மீனவர் ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது.

> ‘தூங்கணை’ எப்படி? தூங்கு + அணை. பஞ்சணை போல.

இந்தப் பட்டியலில் இதுதான் புத்திசாலித்தனமான சொல், மறுக்கவில்லை. பழந்தமிழில் தூங்குதல் என்றால் தொங்குதல். தூங்கெயில் தொங்கும் கோட்டை. தூக்கணாங்குருவியின் பெயரும் அந்தத் தொங்கலில் வந்ததுதான். தொங்கவும் செய்யும், உறங்கவும் செய்யும் என்று ஒரே வினையில் இரண்டும் வந்துவிடுகிறது. பாராட்டு. ஆனால் பட்டறையில் இதையும் சொல்லிப் பார்த்தேன். “எந்த அணை தம்பி, வைகை அணையா?” என்றார். வைகைத் தண்ணீருக்கு ஆண்டாண்டாய்க் காத்திருக்கும் மாவட்டத்தில் ‘அணை’ என்று முடியும் எந்தச் சொல்லுக்கும் இந்தக் கதிதான்.

மிஞ்சுவது தூளி.

> தூளி குழந்தைக்கு. எண்பது கிலோ ஆள் தூளியில் படுத்தான் என்றால் சிரிப்பார்கள்.

சிரிக்கட்டும். மலைக்கிராமங்களில் நோயாளியைக் கம்பில் துணி கட்டித் தூக்கி வரும் படங்களை நாளிதழில் பார்த்திருப்பீர்கள். ‘டோலி கட்டித் தூக்கி வந்தனர்’ என்று எழுதுவார்கள், சில நேரம் தொட்டில் என்றும் எழுதுவார்கள். அந்தத் துணிக்குள் இருப்பது பெரிய ஆள்தான். துணி ஒன்று, வேலை ஒன்று. ஆளின் எடை கூடியதற்காகப் பெயரை மாற்ற வேண்டியதில்லை.

அந்தப் படத்தை இன்னொரு தடவை பாருங்கள். இரண்டு பேர் தோள், நடுவே ஒரு கம்பு, கம்பின் இரு முனையில் துணி. நாம் பெயர் தேடும் அமைப்பு அப்படியே இதுதான், தோளுக்குப் பதில் குழாய்க் கால். கழைக்கூத்தாடி கட்டும் கயிற்றையும் நினைத்துப் பாருங்கள். இருபுறமும் பெருக்கல் குறி போல மூங்கில், நடுவில் கயிறு. கயிறு மூங்கிலை உள்ளே இழுக்கும், அதனால் இருபுறமும் வெளியே முளை அடித்து இழுத்துக் கட்டியாக வேண்டும். எங்கள் மணலில் முளை நிற்காது. தூக்கி வரும் கம்புக்கு முளை தேவையில்லை. துணி இரு முனையையும் உள்ளே இழுக்க இழுக்க, கம்பு அதை நெஞ்சில் வாங்கிக்கொள்கிறது. தூக்குகிறவர் தோளில் இறங்குவது எடை மட்டும்.

ஆக அந்த மேல்குழாய்தான் மொத்த அமைப்பின் உயிர். அதற்குத்தான் ‘உச்சித் தண்டு’, ‘மேல்தண்டம்’ என்று நான்கு பேர் நான்கு பெயர் வைத்திருக்கிறீர்கள். கூரை வீட்டில் பிறந்தவர் யாருமே இங்கே இல்லையா? அது மோட்டுவளை ஐயா! முகட்டுவளை என்று எழுதினாலும் சரி. ஒன்றும் செய்யாமல் மல்லாந்து படுத்திருப்பவனை “மோட்டுவளையைப் பார்த்துக்கிட்டு கெடக்கான்” என்று வைவார்கள். தூளியில் படுத்தால் கண்ணுக்கு நேர் மேலே இருக்கப்போவது அந்தக் குழாய்தான். இதைவிடப் பொருத்தமாக யாரும் சொல் செய்ய முடியாது என்று நினைக்கிறேன்.

அடுத்தது கால்கள். ஒவ்வொரு முனைக்கும் மூன்று. ‘முக்கால்’ என்ற பரிந்துரையைப் பட்டறையில் சொன்னபோது வந்த குழப்பத்தை எழுதவே கூச்சமாக இருக்கிறது. கால்களை முக்கால் இஞ்ச் குழாயில் செய்யச் சொல்லியிருந்தேன். “முக்கால் இஞ்ச்ல முக்கால் ரெண்டு” என்றால் அவர் ஒன்றரை என்று எழுதிக்கொள்கிறார். முக்காலி போதும். புகைப்படக்காரர்கள் ஏற்கெனவே அப்படித்தான் சொல்கிறார்கள்.

கால்கள் மணலில் பரப்பிக்கொண்டு போகாமலிருக்க, அடியில் மூன்றையும் சுற்றி ஒரு கயிறு கட்ட வேண்டும். ‘பரவல் தடுப்புக் கயிறு’ என்று ஒரு நண்பர். ஊர் சுற்றும் பையன் ஓர் இடத்தில் நிற்க நம் வீட்டில் என்ன போடுவார்கள்? கால்கட்டு. இங்கேயும் அதுதான்.

செய்முறை கேட்டவர்களுக்கு: மோட்டுவளை 10 அடி, 1¼ இஞ்ச் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்), மஞ்சள் பட்டை போட்ட லேசான ரகம், மூன்று துண்டாக. துண்டுகளை இணைக்க உள்ளே விடும் சொருகு 1 இஞ்ச் குழாய். அதன் வெளி விட்டம் 33.7 மி.மீ., பெரிய குழாயின் உள் விட்டம் 37-க்குச் சற்று மேல், ஆகவே கொஞ்சம் ஆடும். தகரம் சுற்றி இறுக்கினோம். கால்கள் ஐந்தரை அடி, ஆறு. ஒவ்வொரு கால் தலையிலும் வளையப் போல்டு; மூன்று வளையத்தையும் படகில் போடுவார்களே அந்த சாக்கிளில் (குறுக்கே ஆணி போட்டு மூடும் இரும்பு வளையம்) கோர்த்து, மோட்டுவளை முனையையும் தூளிக் கயிற்றையும் அதே இடத்தில் மாட்ட வேண்டும். இழுப்பும் தள்ளலும் ஒரே புள்ளியில் சேர வேண்டும், ஒரு சாண் விலகினால் முக்காலி சாய்கிறது. தொங்கும் இடம் ஐந்தடி உயரம், 11 அடித் துணி, படுத்தால் முதுகு தரையிலிருந்து ஏறக்குறைய இரண்டடி. மொத்தம் 25 கிலோ. இதைப் போய்க் ‘கையடக்க’ என்று எழுதியவரின் கையைப் பார்க்க ஆசை. ‘மடக்கு’ம் வேண்டாம், இதில் எதுவும் மடங்கவில்லை. கழற்று தூளிக்கால் என்போம்.

‘கால்’ ஓர் உறுப்பின் பெயர், முழுப் பொருளுக்கு ஆகுமா என்று கேட்டவருக்கு: நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதானே அதைத் தட்டச்சு செய்தீர்கள்? ஆறு கால் இருப்பதால் அறுகாலி என்று வைக்கவும் ஆசை வந்தது. ஆனால் அறுகால் என்றால் வண்டு. விட்டுவிட்டேன்.

எல்லாவற்றையும் பற்றவைத்தே முடித்துவிடலாமே என்று அண்ணன் கேட்டார். நாங்கள்தான் வேண்டாம் என்றோம். பற்றவைக்கும் சூட்டில் குழாய்மேல் உள்ள துத்தநாகம் எரிந்து போகும், அந்தப் புகையும் கெடுதல், எரிந்த இடத்தில் முதலில் துரு ஏறும். இந்த உப்புக்காற்றை லேசாக நினைக்கக் கூடாது. பழைய பாம்பன் பாலம் 1914-இலிருந்து அதோடு மல்லுக்கட்டியது. 2025-இல் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டிருக்கிறார்கள். நமக்கு போல்டு நட்டும், மாதம் ஒரு துடைப்பும் போதும்.

கடைசியாக ஒரு சொல்லுக்காக மன்றாடுகிறேன்: தொய்வு. ‘பணிகளில் தொய்வு’ என்று எழுதியே அதைக் கெட்ட சொல்லாக்கிவிட்டார்கள். தூளிக்குத் தொய்வுதான் பாதுகாப்பு. முதல் நாள் எனக்குத் துணி தொங்குவது பார்க்கப் பிடிக்கவில்லை, விறைப்பாக இழுத்துக் கட்டினேன். கயிறு கிடைமட்டத்துக்கு 10 பாகைதான் சாய்ந்திருக்கும். ஏறிப் படுத்தேன். மோட்டுவளை சொருகில் வில்லாக வளைந்து, நான் மணலில் இருந்தேன். பிறகுதான் காகிதத்தை எடுத்தேன். ஆள் 80 கிலோ என்றால், 30 பாகைத் தொய்வில் ஒவ்வொரு கயிற்றிலும் 80 கிலோ இழுவிசை, மோட்டுவளையில் 70-க்குக் கிட்டத்தில் அமுக்கம். 10 பாகையில் கயிற்றில் 230 கிலோ, மோட்டுவளையிலும் ஏறக்குறைய அவ்வளவே. கோணத்துக்கு ‘தொய்வுக்கோணம்’ என்றே பெயர் வைப்போம். ‘தொங்கல் கோணம்’ வேண்டாம், தொங்கல் எங்கும் இருக்கிறது. என் அப்பத்தா எந்தச் சைனும் கொசைனும் படிக்காமல் தூளியைத் தொளதொளவென்றுதான் கட்டினார்.

இன்னும் ஒன்று பாக்கி. துணியின் முனையை மடிப்பு மடிப்பாகச் சுருக்கிக் கட்டும் இடத்துக்கு ‘திரள்முனை’ என்று எழுதியிருந்தீர்கள். வீட்டில் காட்டினேன். “இது கொசுவம்தானே” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். சேலைக்கு மட்டும்தான் அந்தச் சொல் என்று யாருக்காவது ஆட்சேபம் உண்டா? இல்லையென்றால் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.

ஞாயிறு காலை அரியமானில் இருப்பேன், கச்சான் காற்று எழும்புவதற்கு முன்னால். படுத்துப் பார்க்க வருகிறவர்கள் கால்களுக்கு அடியில் வைக்க ஆறு பலகைத் துண்டு கொண்டு வாருங்கள், என்னுடையவை பட்டறையிலேயே கிடக்கின்றன.