சிறிய ஜிம்முக்குப் பெக் ஃப்ளை இயந்திரம் வேண்டுமா, கேபிள் போதுமா?

குண்டாறு:
செங்கோட்டையில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்து ஜிம் தொடங்க இருக்கிறேன். இடம் 1,100 சதுர அடி. பெஞ்ச் பிரஸ்ஸும் இன்க்லைன் பெஞ்சும் முடிவாகிவிட்டன. விரித்த கைகளை நெஞ்சுக்கு முன்னால் சேர்க்கும் ஃப்ளை இயந்திரத்தில்தான் குழப்பம். கேரளத்துப் புனலூர் விற்பனையாளர் ஒருவர் மார்புக்கும் பின்தோளுக்கும் சேர்த்து ஒன்றாக வரும் கைப்பிடி இயந்திரத்தைக் காட்டினார். திருநெல்வேலியில் ஒருவர், முழங்கையை மெத்தையில் ஊன்றித் தள்ளும் பழைய பெக் டெக்கை ஏறக்குறைய பாதி விலைக்குத் தருகிறார். எதை வாங்கலாம்?

மேலகரத்தான்:
அண்ணாச்சி, இரண்டும் வேண்டாம். அவ்வளவு சிறிய இடத்தில் ஓரிரண்டு அசைவுகளுக்காக ஓர் இயந்திரத்தை நிறுத்துவது வீண். கப்பி வழியே எடையை இழுக்கும், இருபுறமும் உயரம் மாற்றக்கூடிய கேபிள் இயந்திரத்தை வாங்கினால், ஃப்ளையை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் செய்யலாம். அது போக ட்ரைசெப்ஸ், பைசெப்ஸ், முதுகு என்று நாள் முழுக்க யாராவது அதில் நின்றுகொண்டே இருப்பார்கள். பெக் டெக்கைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கை நீண்டவருக்கும் குட்டையானவருக்கும் மெத்தை ஒரே இடத்தில்தான் இருக்கும். முன்கையை மேல்நோக்கி மடக்கியபடி தோளைப் பின்னுக்குத் தள்ளும் அந்த நிலையில், தோள் வலியோடு வருகிறவரை உட்காரவைக்க எனக்குத் துணிவில்லை.

புனலூர்வாசி:
பெக் டெக் பற்றி மேலகரத்தார் சொன்னதில் மறுப்பில்லை. ஆனால் கேபிளில் நாள் முழுக்க ஒருவர் நிற்பார் என்று அவர் பெருமையாகச் சொல்வதைத்தான் நான் குறையாகப் பார்க்கிறேன். காலை ஆறுக்கும் எட்டுக்கும் இடையே ஒருவர் ட்ரைசெப்ஸை முடிக்கும் வரை, ஃப்ளை செய்ய வந்தவர் கைபேசியைத் தடவிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். புதிதாகச் சேர்ந்தவர் இரு கேபிள்களையும் பிடித்து நின்றால் உடம்பு முன்னும் பின்னும் ஆடும். முழங்கை மடங்கி நீண்டு, ஃப்ளை என்பது வெறுமனே முன்னால் தள்ளும் பிரஸ்ஸாகிவிடும். இயந்திரத்தில் முதுகு சாய்ந்திருக்கிறது, கை போகும் பாதையும் மாறுவதில்லை. இருக்கையை ஏற்றி இறக்கி, கைப்பிடி நெஞ்சின் நடுவுக்கு நேராக வருகிறதா என்று பார்த்துவிட்டால் போதும். படுத்துச் செய்யும் டம்பெல் ஃப்ளையில் கைகள் மேலே சேரும் இடத்தில் எடை நேராகக் கையெலும்பின் மேல் இறங்கிவிடுவதால் மார்புக்கு வேலையே இல்லை; இயந்திரத்தில் அங்கும் பாரம் விடாது.

மேலகரத்தான்:
பார்த்துவிட்டால் போதும் என்கிறீர்கள், யார் பார்ப்பது? பின்தோள் செய்துவிட்டுப் போனவர், கைப்பிடி தொடங்கும் இடத்தை மாற்றும் ஊசியை எங்கே விட்டாரோ, அடுத்தவர் அங்கிருந்தே தொடங்குவார். கைகள் முதுகுக்குப் பின்னால் இழுபட்ட நிலையில் முதல் தடவையை இழுத்தால், பாரம் தோளின் முன்பக்கத்தில்தான் விழும்.

புனலூர்வாசி:
ஊசித் துளைகளுக்கு எண் இருக்கும் இயந்திரமாகப் பார்த்து வாங்கினால், மார்புக்கு எந்த எண் என்று பக்கத்தில் எழுதி ஒட்டிவிடலாம். இதற்காக இயந்திரத்தையே ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

தென்காசிப் பட்டறை:
ஜிம் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் ஊரில் ஜூன் முதல் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் சாரல் காற்றைக் கணக்கில் எடுக்காமல் எதையும் வாங்காதீர்கள். எடைத் தகடுகள் ஏறி இறங்கும் இரண்டு கம்பிகளில் குரோம் பூச்சு மெல்லியதாக இருந்தால், முதலில் பழுப்புப் புள்ளிகள் தெரியும். பிறகு தகடுகள் வழுக்கி இறங்காமல் தத்தித் தத்தி இறங்கும். பலரும் அதற்குக் கிரீஸைத் தடவுகிறார்கள், அதில் தூசி அப்பி இன்னும் இறுகுகிறது. துடைத்துவிட்டுச் சிலிக்கான் ஸ்பிரே அடிப்பதே முறை.

கைகள் சுழலும் மேல் அச்சில் இருப்பது குண்டுகள் உருளும் பேரிங்கா, வெறும் வளையமான புஷ்ஷா என்று கேளுங்கள். 6205 போன்ற பொது எண் பேரிங் என்றால் தென்காசியிலேயே கிடைக்கும். கைப்பிடியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கடையிலேயே லொடலொடவென்று ஆடுவது உங்கள் இடத்துக்கு வந்து திருந்தாது. இரு கைகளும் தனித்தனியே அசைவது நல்லது, இல்லாவிட்டால் வலுவான கை மற்றதன் வேலையையும் சேர்த்துச் செய்துவிடும்.

கேபிள் இயந்திரத்தில் கப்பிகளும் கேபிள் நீளமும் அதிகம் என்பதால் தேய்மானமும் அதிகம். எடை எண்ணைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். அவற்றில் பலவற்றில் கப்பி அமைப்பு பாரத்தைப் பாதியாக்குகிறது. 80 கிலோ தகட்டில் எடை ஊசியைச் செருகினால் கைக்கு வருவது 40தான்.

குண்டாறு:
நன்றி அண்ணாச்சி. இயந்திரத்துக்குக் கட்டும் ஜி.எஸ்.டி.யை இன்புட் கிரெடிட்டாக, அதாவது ஜிம் கட்டணத்துக்கு நான் செலுத்த வேண்டிய வரியில் கழித்து, திரும்ப எடுக்கலாம் என்று புனலூர்க் கடையில் சொன்னார்கள். சரிதானா?

கணக்கர்:
இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம் கட்டணத்துக்கான வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தபோதே, அந்தச் சேவைக்கான இன்புட் கிரெடிட்டும் போய்விட்டது. இயந்திரத்துக்குக் கட்டும் வரி முழுவதும் உங்கள் செலவுதான். விலைகளை வரியோடு சேர்த்தே ஒப்பிடுங்கள். மாநிலம் தாண்டி வரும் சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் சரக்கோடு வர வேண்டிய இ-வே பில் என்ற ஆவணமும் வேண்டும்.

குண்டாறு:
அப்படியானால் பெக் டெக் இல்லை. பேரிங்கையும் கம்பியையும் நேரில் பார்த்துவிட்டு, திருப்தியாக இருந்தால் புனலூர் இயந்திரத்தையே எடுக்கிறேன்.

மேலகரத்தான்:
எடுங்கள் அண்ணாச்சி. என் கருத்து மாறவில்லை. சுவரோரம் கேபிளுக்கு ஆறடி அகலம் விட்டே மற்றவற்றை நிறுத்துங்கள். சாரல் அடிக்கும் ஜன்னல் பக்கம் மட்டும் வேண்டாம்.