டயல்-அப்பில் வெளியே போகாத மெயில்

கேள்வி:
வீட்டு லினக்ஸ் கணினியில் மெயில் அனுப்பும் சர்வர் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ் ஓடுகிறது, இணையம் டயல்-அப் மோடம் வழியாக. இரண்டு நிறுவனங்களின் இணைப்பு இருக்கிறது. ஒன்றில் இணைந்தால் எல்லா மெயிலும் 'டைம் அவுட்' என்று வரிசையில் கிடக்கிறது. மற்றதில் பாதி போகிறது, பாதி 550 (ஏற்க மறுப்பு) என்று திரும்பிவிடுகிறது. எங்கே திருத்துவது?

பதில் 1:
இரண்டும் வேறு வேறு கோளாறு. முதல் நிறுவனம், மெயில் சர்வர்கள் தங்களுக்குள் பேசும் 25ஆம் போர்ட்டை அடைத்திருக்கிறது. வெளியில் ஏதாவது ஒரு மெயில் சர்வரின் 25க்கு டெல்நெட் கட்டளையால் இணைத்துப் பாருங்கள், சர்வரின் வரவேற்பான 220 என்ற வரி வராது. இரண்டாவதில் போர்ட் திறந்திருக்கிறது, ஆனால் டயல்-அப் ஐபி முகவரிகளை ஸ்பாம்ஹாஸ் பிபிஎல் (நேரடியாக மெயில் அனுப்பக் கூடாத ஐபிகளின் பட்டியல்) போன்றவற்றைப் பார்த்தே பல சர்வர்கள் தள்ளிவிடும். இதற்கு உங்கள் பக்கம் மருந்து கிடையாது, நேரடி டெலிவரியை விட்டுவிடுங்கள்.

உங்கள் மெயில்பாக்ஸ் எங்கே இருக்கிறதோ அவர்களுடைய சர்வரை 587ஆம் போர்ட்டோடு ரிலேஹோஸ்டாக (உங்கள் மெயிலை வாங்கி மேலே அனுப்பும் சர்வராக) போஸ்ட்ஃபிக்ஸ் அமைப்பில் கொடுங்கள். பாஸ்வேர்டு கேட்டு அனுப்புவதால் எந்த நிறுவனத்தின் வழி இணைந்தாலும் வேலை செய்யும். சர்வர் பெயரைச் சதுர அடைப்புக்குறிக்குள் போடுங்கள். இல்லாவிட்டால் எம்எக்ஸ் பதிவை (ஒரு டொமைனின் மெயிலை வாங்கும் சர்வர் எது என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவு) தேடிப்போய், உள்வரும் மெயிலுக்கான சர்வரில் முட்டும். பாஸ்வேர்டு கோப்பிலும் அடைப்புக்குறி, போர்ட் எண் உட்பட எழுத்து மாறாமல் அதே பெயர். பிறகு அந்தக் கோப்பைப் போஸ்ட்ஃபிக்ஸ் படிக்கும் வடிவுக்கு மாற்றப் போஸ்ட்மேப் கட்டளை, உரிமையாளர் மட்டும் படிக்க அனுமதி 600. டிஎல்எஸ் (மறையாக்க) அமைப்பு 'என்கிரிப்ட்' ஆக இருக்கட்டும். 'நோ மெக்கானிசம்' என்று லாகில் வந்தால் எஸ்ஏஎஸ்எல் (பாஸ்வேர்டு சரிபார்ப்பு) செக்யூரிட்டி ஆப்ஷனில் 'நோஅனானிமஸ்' மட்டும் விடுங்கள். இயல்பாக இருக்கும் 'நோபிளெயின்டெக்ஸ்ட்' பாஸ்வேர்டு முறையையே தடுத்துவிடும். டெபியன் என்றால் எஸ்ஏஎஸ்எல் மாட்யூல் பொதி தனியாக நிறுவ வேண்டியிருக்கும்.

பதில் 2:
மேலே சொன்னதோடு, போஸ்ட்ஃபிக்ஸின் டிஃபர் டிரான்ஸ்போர்ட்ஸ் (சொல்லும்வரை அனுப்பாமல் நிறுத்திவைக்கும்) அமைப்பில் எஸ்எம்டிபியைச் சேர்த்தால் இணைப்பு இல்லாதபோது வீணாக முயலாது. இணைப்பு கிடைத்ததும் தானாக ஓடும் ஐபி-அப் ஸ்கிரிப்டில் 'போஸ்ட்கியூ -எஃப்' கட்டளை ஓடினால் தேங்கியதெல்லாம் கிளம்பும். ஐபி-அப்.டி அடைவில் வைக்கும் கோப்பின் பெயரில் புள்ளி வந்தால் டெபியன் அதைச் சத்தமில்லாமல் தாண்டிவிடும், '.எஸ்ஹெச்' போடாதீர்கள். வரிசையில் 5 நாள் தாண்டினால் மெயில் அனுப்பியவருக்கே திரும்பும். நீண்ட நாள் இணைக்காமல் இருப்பவர்கள் அந்தக் கெடுவைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பதில் 3:
அனுப்புநர் முகவரி 'லோக்கல்ஹோஸ்ட்' என்று போனால் ரிலே சர்வர் 553 (முகவரி ஏற்கத்தக்கதல்ல) சொல்லித் தள்ளும். வெளியே போகும் முகவரியை மாற்றும் ஜெனரிக் மேப்ஸ் கோப்பில் உள்ளூர் பயனர் பெயருக்கு எதிரே உண்மையான முகவரியை எழுதி, இதற்கும் போஸ்ட்மேப் ஓட்டுங்கள்.

மெயிலோடு அனுப்பும் 1 எம்பி கோப்பு, மெயிலுக்கான பேஸ்64 எழுத்து வடிவில் 1.37 எம்பி ஆகிவிடும். வி.90 மோடமில் மேலேற்றும் வேகம் 33.6 கேபிபிஎஸ்தான், ஐந்தரை நிமிடமாவது பிடிக்கும். வரிசையைக் காட்டும் மெயில்கியூ கட்டளை காலி என்று காட்டிய பிறகே லைனைத் துண்டியுங்கள். பாதியில் வெட்டினால் அந்த மெயில் மறுபடி முதலிலிருந்து போகும்.