ஜிம் மரத்தளம் மங்கிவிட்டது: மரம் வரை தேய்க்க வேண்டுமா?

கேள்வி:
எங்கள் கூடைப்பந்து அரங்கில் மேப்பிள் தளம். பாலியூரித்தேன் பூச்சு மங்கிவிட்டது, ஆனால் வெறும் மரம் எங்கும் தெரியவில்லை. ஆட்டக் கோடுகளும் நன்றாக இருக்கின்றன. மேலே ஒரு கோட் போதுமா?

பதில் 1:
தயவுசெய்து மரம் வரை போகாதீர்கள். ஒவ்வொரு முறை இழைக்கும்போதும் பலகையின் கனம் குறைகிறது, அது திரும்ப வராது. கோடுகளும் அழிந்துவிடும். முதலில் அழுக்கைச் சுத்தமாக எடுங்கள். 120 கிரிட் ஸ்கிரீனால் (வலை போன்ற தேய்ப்புத் தாள், எண் அதன் சொரசொரப்பைக் குறிக்கும்) பழைய பளபளப்பு போகும்வரை மட்டும் தேயுங்கள். அப்புறம் வாக்வம், பிறகு மைக்ரோஃபைபர் துணி, அதன்பின் புதிய கோட். தூசி எடுப்பதுதான் பாதி வேலை, அதில் அவசரம் கூடாது. நீர் சார்ந்த பூச்சு என்றால் தேய்க்க ஸ்டீல் வுல் (இரும்பு இழைப் பஞ்சு) வேண்டாம். சிக்கிய இழை துருப்பிடித்துப் புள்ளி விழும்.

பதில் 2:
எண்ணெயோ சிலிகானோ கலந்த கிளீனர் போட்டுத் துடைத்திருந்தால் புதிய கோட் உரிந்து வரும். ஒரு மூலையில் பூசி, நன்றாகக் காய்ந்தபின் நாணயத்தால் சுரண்டிப் பாருங்கள்.

கேட்டவர்:
சரி, மூலையில் பார்த்துவிடுகிறேன். மின்விசிறி போடலாமா?

பதில் 1:
பூசும்போது வேண்டாம். தூசி வந்து ஒட்டும், ஓரம் சீக்கிரம் காய்ந்து ரோலர் தடம் தெரியும்.