சான்ட்லர் வீட்டுச் சுவரில் தேள்: இரண்டு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் என்ன செய்யலாம்?

கேள்வி: புதுக்குடித்தனம்

அரிசோனாவின் சான்ட்லர் நகருக்கு நாங்கள் குடிவந்து ஆறு வாரங்கள் ஆகின்றன. நேற்றிரவு தண்ணீர் குடிக்க எழுந்தபோது, குளியலறைக் கதவுக்கு மேலே கூரையை ஒட்டி, வைக்கோல் நிறத்தில் ஒரு தேள் தலைகீழாகப் பற்றிக்கொண்டிருந்ததைக் கண்டேன். விரல் நீளம்கூட இருக்காது. வால் முதுகின் மேல் வளைந்து நிற்காமல் பக்கவாட்டில் சுருண்டு கிடந்தது. கணவர் துடைப்பத்தால் தட்டி வீழ்த்திக் கொன்றுவிட்டார். ஆனால் அதன் பிறகு இருவரும் உறங்கவில்லை. மகளுக்கு இரண்டு வயது; தரையில் எது கிடந்தாலும் கையில் எடுத்துவிடுவாள். திருநெல்வேலியில் வளர்ந்த எனக்குத் தேள் புதிதன்று என்றாலும், அங்கே பெரிய கருந்தேளைக் கண்டுதான் அஞ்சுவோம். இது சிறியது என்று ஆறுதல் கொள்ளலாமா? பூச்சிமருந்து அடிப்பவரை வரவழைத்தால் போதுமா? கொட்டினால் சுண்ணாம்பு தடவச் சொல்கிறார் அம்மா.

பதில் 1: பாலைக்குடி

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் இங்குள்ளோர் ‘பார்க் ஸ்கார்பியன்’ என்று அழைக்கும் மரப்பட்டைத் தேளுக்கே பொருந்துகின்றன. சிறியது என்ற ஆறுதல் மட்டும் வேண்டாம். இதே பாலைவனத்தில் 14 செ.மீ. வரை வளரும் மயிர்த்தேள் கொட்டினால் பெரும்பாலும் குளவி கொட்டிய அளவுக்கு வலிப்பதோடு போய்விடும். 7 அல்லது 8 செ.மீ.க்கு மேல் வளராத இதுவோ வட அமெரிக்காவிலேயே நஞ்சு மிகுந்த தேள். தடித்த இடுக்கி உடையது இரையை நசுக்கிக் கொல்லும். மெலிந்த இடுக்கி உடையது கொடுக்கை நம்பித்தான் பிழைக்கிறது.

மருந்தை நம்பி இருந்துவிடாதீர்கள் என்பதே பதினொரு ஆண்டுகள் இங்கே வாழ்ந்த என் கருத்து. தேளின் மேல்தோல் மெழுகுப் பூச்சுடையது; கால் நுனிகளால் மட்டுமே தரையைத் தொட்டு நடப்பதால், தெளித்த மருந்து அதன் உடலில் அதிகம் ஒட்டுவதில்லை. அதைவிடப் பயனுள்ளது, தேளைப் பச்சையாக மின்னவைத்துக் காட்டும் ஒரு புறஊதாக் கைவிளக்கு. இருட்டிய பிறகு, முழுக்காலணி அணிந்து, நீண்ட இடுக்கியுடன் கொல்லைப்புறத்துக் கான்கிரீட் கல் மதிலை அந்த ஒளியில் பாருங்கள். சென்ற ஆண்டு என் மதிலின் விரிசலில் ஒரு தாய்த்தேள் பச்சையாக மின்னிக்கொண்டிருக்க, அதன் முதுகில் அடுக்கிக் கிடந்த குஞ்சுகள் ஒளிராமல் வெளிறிய அரிசிமணிகளைப் போல் தெரிந்தன. அந்த மதிலின் உள்ளறைகள்தாம் இவற்றின் வீடு. ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே இது உடலைத் தட்டையாக்கி நுழைந்துவிடும் என்பதால், கதவடி ரப்பர் பட்டை, சாளர ஓரங்கள், தண்ணீர்க் குழாய் சுவருக்குள் புகும் இடம் ஆகியவற்றை இந்த வாரமே அடைத்துவிடுங்கள்.

குழந்தையின் கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்தி, நான்கு கால்களையும் கண்ணாடிப் புட்டிகளுக்குள் நிறுத்துங்கள். வழவழப்பான கண்ணாடியில் இதனால் ஏற முடியாது. போர்வை தரையைத் தொட்டுத் தொங்கினால் அத்தனையும் வீண்.

பதில் 2: இரவுப்பணிச் செவிலி

அவசர சிகிச்சைப் பிரிவில் பணிபுரிகிறேன். பெரியவர்களுக்குக் கொட்டினால் பெரும்பாலும் கடுவலியும், கொட்டிய இடத்தில் மரத்துப்போன உணர்வும், மின்சாரம் பாய்வது போன்ற சுரீர் சுரீரென்ற வலியும் ஓரிரு நாள் இருந்து தணியும். சோப்பிட்டுக் கழுவி, குளிர்ந்த துணி வைத்து, பாராசிட்டமால் எடுத்துக்கொண்டால் போதும். குழந்தைகளின் நிலை வேறு. கொட்டியதை நாம் பார்த்திருக்கவே மாட்டோம். குழந்தை திடீரென்று வீறிட்டழும், தேற்ற முடியாது, எச்சில் வழியும், கைகால்கள் துள்ளும், கண்மணிகள் நிலைகொள்ளாமல் சுழலும். பார்ப்பவர்கள் வலிப்பு என்று நினைத்துவிடுவார்கள். ஆனால் குழந்தைக்கு நினைவு இருக்கும். இவற்றில் ஒன்று தென்பட்டாலும், மூச்சு இரைத்தாலும், உடனே 911 என்ற அவசர உதவி எண்ணை அழையுங்கள். அறிகுறி எதுவும் இல்லையென்றால் நஞ்சுத் தகவல் மையத்தை 1-800-222-1222 என்ற எண்ணில் அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

இதற்கு ‘அனாஸ்கார்ப்’ என்ற நச்சுமுறிவு மருந்து உண்டு. அமெரிக்க அரசு 2011இல் ஒப்புதல் அளித்தது. 2009இல் வெளிவந்த ஆய்வொன்றில், கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்த 15 குழந்தைகளில் இம்மருந்து பெற்ற எட்டுப் பேருமே நான்கு மணி நேரத்துக்குள் தெளிந்தனர். பெறாத ஏழு பேரில் ஒருவர் மட்டுமே அப்படித் தெளிந்தார்.

சுண்ணாம்பு வேண்டாம், காலம்தான் வீணாகும். நம் நாட்டுச் செந்தேளின் நஞ்சு இதயத்தைத் தாக்குவது. அதற்குப் பிரசோசின் மாத்திரை உயிர்காக்கும் என்று மகாராஷ்டிரத்தின் மஹாட் ஊரில் மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் காட்டினார். இங்குள்ள தேளின் நஞ்சோ நரம்புகளைத் தூண்டிவிடுவது. எனவே ஊரில் கேட்ட சிகிச்சை எதையும் இங்கே கைக்கொள்ளாதீர்கள்.

பதில் 3: கள்ளிக்காடு

மருந்தை அடியோடு தள்ளிவிட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். அது தேளைக் கொல்லாவிட்டாலும், தேள் தேடி வரும் சில்வண்டுகளையும் கரப்பான்களையும் குறைக்கும். நான் டூசானில் மலையடிவாரத்தில் இருப்பதால் எங்கள் கவலை கிலுகிலுப்பைப் பாம்பு. அதை அடிக்கப் போய்க் கடிபட்டவர்கள் பலர். விலகி நின்று, பாம்பு பிடிப்பவரை அழையுங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவதும், கீறுவதும், உறிஞ்சுவதும், பனிக்கட்டி வைப்பதும் கேடு செய்யும். மோதிரம், வளையல்களைக் கழற்றிவிட்டு மருத்துவமனைக்குச் செல்வதே வழி. தோட்டத்துத் தண்ணீர் வால்வுப் பெட்டியின் மூடியை வெறுங்கையால் தூக்காதீர்கள். வயிற்றில் செந்நிற மணற்கடிகைக் குறியுள்ள கருஞ்சிலந்தி விரும்பித் தங்கும் இடம் அது.

புதுக்குடித்தனம்

மூவருக்கும் நன்றி. இன்றிரவு விளக்கோடு மதிலைச் சுற்றினோம், ஒன்பது தேள்கள். அவற்றில் இரண்டு, மகளின் அறைச் சாளரத்துக்கு நேர் கீழே. கதவடிப் பட்டையை மாற்றியாயிற்று. சாளர ஓரத்தைக் கணவர் இப்போது அடைத்துக்கொண்டிருக்கிறார். நஞ்சுத் தகவல் மையத்தின் எண்ணைக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டேன்.